அடிக்கிறவன் புருஷன் என்றால் நம் வீரம் எங்கே போகிறது?

கேள்வி இது: "பெண்கள் மீதான வன்முறையைத் தட்டிக் கேட்பவன்தான் ஆம்பளை என்கிறார்கள். ஒருமுறை என் கண் முன்னாலேயே ஒருவன் ஒரு பெண்ணை அடித்தபோது நான் உறைந்து நின்றுவிட்டேன். நான் கோழையா? அந்த மாதிரி நேரத்தில் ஒருவர் உண்மையில் என்ன செய்ய வேண்டும்?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உறைந்து நின்றதால் நீங்கள் கோழை ஆகிவிடவில்லை. தட்டிக் கேட்பதற்கும் ஆம்பளையாக இருப்பதற்கும் முடிச்சுப் போடுகிறார்களே, அதில்தான் எனக்குச் சிக்கல். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உதவி எங்கே அதிகம் தேவைப்படுகிறதோ, சரியாக அந்த இடத்தில் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும்.

ஷாட்லாண்ட், ஸ்ட்ரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1976-ல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பாருங்கள். நடிகர்கள் இரண்டு பேர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அவன் அவளைப் பிடித்து மூர்க்கமாக உலுக்குகிறான், அவள் அலறுகிறாள். பக்கத்தில் இருப்பவருக்கு இது நாடகம் என்று தெரியாது. சிலருக்கு முன்னால் அவள், "என்னை விடு, நீ யாருன்னே எனக்குத் தெரியாது!" என்று கத்தினாள். வேறு சிலருக்கு முன்னால், "உன்னைப் போய் ஏன்தான் கல்யாணம் பண்ணினேனோ!" என்று கத்தினாள். மற்றதெல்லாம் ஒன்றுதான். அதே உலுக்கல், அதே அலறல். முதல் வாக்கியத்தைக் கேட்டவர்களில் 65 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் தலையிட்டார்கள். இரண்டாவதைக் கேட்டவர்களில் 19 சதவீதம் பேர்தான். உறவு என்னவென்றே தெரியாத ஒரு சண்டையைக் காட்டியபோது, பார்த்தவர்களில் பெரும்பாலானோர் அவர்களைக் கணவன் மனைவி என்றோ காதலர்கள் என்றோ தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள் என்பது அந்த ஆய்வில் வந்த இன்னொரு விஷயம்.

அரை நூற்றாண்டு பழைய ஆய்வுதான். அதற்காக இன்று அந்த 19 பெரிதாக மாறியிருக்கும் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை. "புருஷன் பொண்டாட்டி விவகாரம், நமக்கெதற்கு" என்ற நினைப்பு எந்த நாட்டுக்கும் தனிச் சொத்து கிடையாது.

இப்போது நம் பக்கத்து வசனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெண்ணிடம் வம்பு செய்பவனை நிறுத்த நாம் முதலில் கேட்பது, "நீயெல்லாம் அக்கா தங்கச்சியோட பொறக்கலையா?" நல்ல எண்ணத்தில் கேட்பதுதான். ஆனால் அதற்குள் இருக்கும் கணக்கைப் பாருங்கள். அவள் யாரோ ஒருவனுக்கு அக்கா, யாரோ ஒருவனுக்குத் தங்கை, அதனால் அவளைத் தொடக்கூடாது. அவள் மேல் கை வைப்பது அவளுக்குச் சொந்தமான ஒருவனை அவமதிப்பது. சரி, அந்த உரிமைக்காரனே அடித்தால்? அப்போது இந்தக் கணக்கில் குற்றமே இல்லை. அந்நியனிடமிருந்து அவளைக் காப்பாற்றச் சொல்லும் அதே நியாயம், கணவனிடம் அவளை விட்டுவிட்டு வரவும் சொல்கிறது. 65-உம் 19-உம் ஒரே மரத்துக் காய்கள்.

இதனால் யார் பாதிக்கப்படுகிறார்கள் என்பதற்கு எண்களே போதும். ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீட்டின்படி 2023-ல் உலகம் முழுக்க வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் ஏறத்தாழ 85,000 பேர். அவர்களில் சுமார் 51,100 பேரைக் கொன்றது துணைவரோ குடும்பத்தில் ஒருவரோதான். நாள் ஒன்றுக்கு 140 பேர். இருட்டுச் சந்தில் பதுங்கியிருக்கும் முகம் தெரியாத வில்லனுக்காக நாம் வீரத்தைச் சேமித்து வைத்திருக்கிறோம். வில்லன் பெரும்பாலும் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறவன்.

இனி உறைந்து நின்ற விஷயம். 1964 மார்ச் 13 அதிகாலையில், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள், ஒருவரும் உதவவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. உலகமே அதைப் படித்து வெட்கப்பட்டது. டார்லி, லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் 1968-ல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனைக்குத் தூண்டுதலும் அந்தச் செய்திதான். இன்டர்காமில் ஒருவருக்கு வலிப்பு வருவது கேட்கிறது. தான் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் எழுந்தவர்கள் 31 சதவீதம்தான். எழாதவர்கள் ஒன்றும் அலட்சியமாக உட்கார்ந்திருக்கவில்லை. கை நடுங்கியது, வியர்த்தது, என்ன செய்வதென்று தெரியாமல் திணறினார்கள். நீங்கள் நின்றதும் அநேகமாக அப்படித்தான் இருந்திருக்கும்.

சோதனை சரி. அதற்குத் தூண்டுதலாக இருந்த செய்தி சரியில்லை. 38 பேர் பார்த்தார்கள் என்பது மிகைப்படுத்தல் என்று பிறகு தெரிந்தது, 2016-ல் அந்தப் பத்திரிகையே ஒப்புக்கொண்டது. முழுத் தாக்குதலையும் பார்த்தவர் யாரும் இல்லை, ஓரளவுக்காவது பார்த்தவர்களே மிகச் சிலர். ஒருவர் ஜன்னலைத் திறந்து "அந்தப் பெண்ணை விடு" என்று கத்தியிருக்கிறார், கொலைகாரன் அப்போதைக்கு ஓடியும் போயிருக்கிறான். கதையில் முழுதாக விட்டுப்போனவர் சோஃபியா ஃபாரர். அதே கட்டடத்தில் இருந்த பெண். நடுராத்திரி தொலைபேசியில் தகவல் வந்ததும் படியிறங்கி ஓடினார். கொலைகாரன் அங்கேயே நிற்கிறானா, போய்விட்டானா என்று அவருக்குத் தெரியாது. ரத்த வெள்ளத்தில் கிடந்த கிட்டியைக் கைகளில் ஏந்தி, உதவி வந்துகொண்டிருக்கிறது என்று காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார். யாருமே உதவாத கதை என்று அரை நூற்றாண்டு பாடப்புத்தகங்களில் வந்த நிகழ்வு இது. அதில் ஒரு வீரர் இருந்தார். யாரையும் அடிக்கவில்லை என்பதாலோ, பக்கத்து வீட்டுப் பெண்மணி என்பதாலோ, அவர் யார் கண்ணிலும் படவில்லை.

இப்படிக் கண்ணில் படாமல் போவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1904-ல் தொடங்கிய வீரர் நிதியம், பிறர் உயிரைக் காக்கத் தன் உயிரைப் பணயம் வைத்தவர்களுக்குப் பதக்கம் தருகிறது. பெக்கர், ஈக்லி என்ற இரு உளவியலாளர்கள் 2004-ல் அந்தப் பட்டியலை எண்ணிப் பார்த்தார்கள். பெண்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அதே ஆய்வாளர்கள், நாஜிகளிடமிருந்து யூதர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்களையும், உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் கொடுத்தவர்களையும் எண்ணினார்கள். அங்கே பெண்கள் ஆண்களுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தார்கள். ஒளித்து வைத்தது தெரிந்தால் குடும்பத்தோடு சாவு. அதுவும் உயிர்ப் பணயம்தான், ஒரு நிமிடத்தில் முடியாமல் மாதக்கணக்கில் நீளும் என்பதுதான் வித்தியாசம். கார்னகி நிதியத்தின் விதிகளில் இன்னொன்றும் உண்டு. சொந்தக் குடும்பத்தாரைக் காப்பாற்றினால் பொதுவாகப் பதக்கம் கிடையாது, காப்பாற்றியவர் இறந்தாலோ மிக மோசமாகக் காயமுற்றாலோதான் பரிசீலிப்பார்கள். விதிக்கு அதன் நியாயம் இருக்கலாம். ஆனால் ஓங்கிய கைக்கும் குழந்தைக்கும் நடுவில் போய் நிற்கிற அம்மா, அந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை.

அப்புறம், கூட்டம் என்றாலே வேடிக்கை பார்க்கும் என்ற அவநம்பிக்கையும் வேண்டாம். ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஓர் ஆய்வுக் குழு பார்த்தது. பத்தில் ஒன்பது சண்டைகளில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருந்தார். ஆட்கள் அதிகம் இருந்த இடத்தில் யாராவது உதவும் வாய்ப்பும் அதிகமாகவே இருந்தது. அவர்கள் செய்தவை பெரிய சாகசங்கள் ஒன்றும் இல்லை. குறுக்கே போய் நின்றார்கள், தோளைத் தொட்டு அமைதிப்படுத்தினார்கள், ஒருவரைப் பிடித்து இழுத்து விலக்கினார்கள், அடிபட்டவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய். 2014 நவம்பரில் ஜெர்மனியின் ஆஃபன்பாக் நகரில், ஓர் உணவகக் கழிப்பறையில் இரண்டு சிறுமிகளுக்குத் தொல்லை கொடுத்தவர்களைத் தடுத்தார் துக்சே அல்பாய்ராக் என்ற மாணவி. பிறகு வாகன நிறுத்துமிடத்தில் அந்தக் கும்பலில் ஒருவன் அவரை அறைந்தான். கீழே விழுந்ததில் தலையில் அடி. கோமாவுக்குப் போனவரின் உயிர்காப்புக் கருவிகள் நிறுத்தப்பட்ட அன்று அவருக்கு 23-வது பிறந்தநாள். 2017-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகர ரயிலில் இரண்டு பெண்களை ஒருவன் இனவெறியோடு ஏசியபோது குறுக்கே நின்ற மூன்று ஆண்கள் கத்திக்குத்துக்கு ஆளானார்கள், இரண்டு பேர் இறந்துபோனார்கள். இவர்களைப் போற்றலாம், போற்றவும் வேண்டும். ஆனால் இவர்களைக் காட்டி, "நீயும் இப்படிச் செய்யாவிட்டால் மனிதனே இல்லை" என்று இன்னொருவரை நெட்டித் தள்ள எனக்கு மனம் வராது.

எனவே கைகலப்பு கடைசி வழி. அதற்கு முன்னால் நிறைய இருக்கிறது. பொது இடத்தில் ஒரு பெண்ணை ஒருவன் மடக்கிக்கொண்டிருந்தால், அவனைப் பார்க்காமல் அவளிடம் போய்ப் பேசுங்கள். "அடடே, நீயா? எவ்வளவு நாளாச்சு!" என்று தெரிந்தவர் போல ஆரம்பியுங்கள். வழி கேளுங்கள். கையில் இருப்பதைத் தவறிக் கீழே போடுங்கள். அவன் எதிர்பார்த்த காட்சி கலைந்தால் போதும், அவள் நகர்ந்துவிட ஓர் இடைவெளி கிடைத்துவிடும். அவனை நேருக்கு நேர் அவமானப்படுத்தினால் அது இரண்டு ஆண்களின் கௌரவப் போட்டியாக மாறிவிடும். அவள் அந்தச் சண்டைக்குப் பரிசுப் பொருள்போல ஓரமாக நிற்பாள். தனியாகச் சமாளிக்க முடியாதென்று தோன்றினால் கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கத்தாதீர்கள், ஒருவரைக் குறிப்பாகச் சுட்டுங்கள். "நீலச் சட்டை போட்ட அண்ணா, நீங்க போலீஸுக்கு போன் பண்ணுங்க. அக்கா, நீங்க என்கூட வாங்க." இன்டர்காம் சோதனையில் எழாமல் போனவர்களுக்குக் குறையாக இருந்தது இதுதான்: இது உன் வேலை என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. வீடியோ எடுத்தால் அவளிடமோ காவல்துறையிடமோ கொடுங்கள். இணையத்தில் போட்டுவிடாதீர்கள், அவளுடைய மோசமான நிமிடத்தை ஊருக்குக் காட்டும் உரிமை உங்களுக்கு இல்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்தில் 2015 ஜனவரியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். சைக்கிளில் போய்க்கொண்டிருந்த இரண்டு ஸ்வீடன் மாணவர்கள், தரையில் கிடந்த ஒரு பெண்ணின் மேல் ஒருவன் இருப்பதைப் பார்த்தார்கள். முதலில் ஏதோ ஜோடி என்றுதான் நினைத்திருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனித்தார்கள்: அவள் அசையவே இல்லை. இறங்கிப் போய்க் கேட்டார்கள், அவன் ஓடினான், துரத்திப் பிடித்துப் போலீஸ் வரும்வரை அழுத்தி வைத்திருந்தார்கள். அவர்களின் உடல் பலத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது சைக்கிளிலிருந்து அவர்கள் கால் கீழே இறங்கிய அந்த நொடி. "ஜோடி போல" என்று கடந்துபோக எல்லாச் சாக்கும் இருந்தும் அவளைப் பார்த்தார்கள், அவளுக்கு இதில் சம்மதம் இருக்கிறதா என்று யோசித்தார்கள்.

வீட்டுக்குள் நடப்பதற்கு இந்த உத்திகள் அப்படியே பொருந்தாது. கோபத்தில் போய் அவன் சட்டையைப் பிடித்தால் உங்களுக்கு வீரம் காட்டிய திருப்தி கிடைக்கும். நீங்கள் திரும்பிய பிறகு கதவு சாத்தப்படும், அதற்கான விலையை அவள்தான் கொடுப்பாள். இந்தியாவில் 2008-ல் 'பெல் பஜாவோ' (மணியை அடி) என்று ஒரு பிரசாரம் தொடங்கியது. பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்கிறது. ஓர் ஆண் போய் அழைப்பு மணியை அடிக்கிறான். கதவைத் திறக்கிற கணவனிடம் சாதாரணமாக ஏதோ கேட்கிறான். அவ்வளவுதான். "எனக்குக் கேட்கிறது" என்பதை ஒரு குற்றச்சாட்டும் இல்லாமல் சொல்லிவிட்டு வருகிறான். அடி அந்த நேரத்துக்கு நிற்கிறது, இது நாலு சுவருக்குள் அடங்கிய ரகசியம் என்ற நம்பிக்கை அவனுக்கு ஆட்டம் காண்கிறது. உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் மணியெல்லாம் வேண்டாம், நேராகக் காவல்துறையை அழையுங்கள்.

அவள் தனியாக இருக்கும்போது பேசுங்கள். "ஏன் இன்னும் அவனோட இருக்கே?" என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வருகிற கேள்வி, தவிர்க்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான். விட்டுப் போக முடிவெடுக்கும் காலமும், போன பிறகு வரும் முதல் சில மாதங்களும்தான் கொலை ஆபத்து மிக அதிகமாக இருக்கும் நேரம். அவள் போகாமல் இருப்பதற்கு, நமக்குத் தெரியாத ஒரு கணக்கு அவளிடம் இருக்கலாம். "நான் நம்புறேன். உனக்கு இப்போ என்ன வேணும்?" என்று கேளுங்கள். சான்றிதழ்களின் நகல்களையும் கொஞ்சம் பணத்தையும் உங்களிடம் பத்திரமாக வைத்திருப்பது, அவன் சோதிக்காத ஒரு போனைக் கொடுப்பது, அவசரத்துக்கு ஒரு குறிச்சொல் பேசி வைத்துக்கொள்வது: பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான் தேவைப்படும். அவன் எப்போதாவது கழுத்தை நெரித்திருக்கிறான் என்று தெரிந்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். அப்படி நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் அதே ஆளால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் கூடுகிறது என்று 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. உடனே அனுபவமுள்ள ஓர் உதவி மையத்தோடு அவளைத் தொடர்புபடுத்துங்கள்.

ஆண்களால் மட்டுமே செய்ய முடிகிற ஒன்று உண்டா என்று கேட்டால், உண்டு. ஆண்கள் மட்டும் இருக்கும் இடத்தில் வாயைத் திறப்பது. பிரான்ஸின் பெலிகோ வழக்கைப் பாருங்கள். ஏறத்தாழ பத்து வருடங்கள் மனைவிக்கு மயக்க மருந்து கொடுத்து, இணைய அரட்டையில் பிடித்த ஆண்களை வீட்டுக்கு வரவழைத்து வன்கொடுமை செய்ய வைத்திருக்கிறான் கணவன். 2024 டிசம்பரில் அவனோடு சேர்த்து 51 ஆண்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அத்தனை வருடங்களில் இந்த விஷயம் காதில் விழுந்த ஆண்கள் இன்னும் எத்தனையோ பேர். ஒருவன்கூடப் போலீஸுக்கு ஒரு பெயரில்லாத அழைப்பு விடுக்கவில்லை. வழக்கு வெடித்தது வேறு வழியாக. 2020-ல் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பெண்களின் பாவாடைக்குள் அந்தக் கணவன் போனில் படம் எடுப்பதை ஒரு காவலாளி பார்த்துப் பிடித்தார். "விடுங்க, அல்ப விஷயம்" என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை, அந்தப் பெண்களைப் புகார் கொடுக்கச் சொல்லி ஊக்கப்படுத்தினார். போலீஸ் அவனுடைய போனையும் கணினியையும் எடுத்துப் பார்த்தபோதுதான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. விசாரணையை மூடிய கதவுக்குள் நடத்தலாம் என்ற சலுகையை அந்த மனைவி ஜிசெல் பெலிகோ மறுத்தார். வெட்கப்பட வேண்டியது தானல்ல என்றார். அந்தத் துணிச்சலை உலகம் பார்த்தது. காவலாளியின் துணிச்சலைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

நம் கதைகளில் இதற்கு விகர்ணன் இருக்கிறான். தர்மம் நுட்பமானது என்று பீஷ்மரே நழுவிய சபையில், திரௌபதியைப் பணயம் வைத்தது செல்லாது என்று எழுந்து சொன்னவன் துரியோதனனின் சொந்தத் தம்பி. அவன் பேசியதும் சபையில் பலர் ஆமோதித்து ஆரவாரம் செய்தார்கள் என்று மகாபாரதம் சொல்கிறது. அதாவது அத்தனை பேரும் மனசுக்குள் அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். உடனே கர்ணன், "நீ சின்னப் பையன்" என்று அவனை அமர்த்தினான், ஆரவாரமும் அடங்கிப்போனது. இரண்டாவதாக ஒருவன் எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். இன்றைய ஆண்களுக்கும் இது பொருந்தும். நண்பர்கள் பெண்களைக் கேவலமாகப் பேசுவதை மற்ற எல்லோரும் ரசிக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் தப்பாகக் கணக்குப் போடுவதாக ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பெண்ணின் அந்தரங்கப் படம் வந்தால், "இதை அழிச்சிடு, இது தப்பு" என்று எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. அடி விழாது, கத்தி வராது. ஆனாலும் குறுக்கே பாய்ந்து சண்டை போடத் தயாராக இருக்கும் பலருக்கு அந்த ஒரு வரியை அனுப்ப விரல் வராது. இழக்கப் போவது நண்பர்களிடம் உள்ள மதிப்பு. அதை இழப்பது, பல ஆண்களுக்கு, பல்லை இழப்பதைவிடப் பயமாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று, ஏனென்றால் இதை யாரும் கேட்பதில்லை. சம்பவம் முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. 1992-ல் ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற அரசுத் திட்டப் பணியாளர் ஒரு கைக்குழந்தையின் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அதற்குப் பழிவாங்கும் விதமாகக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். அவர் புகார் கொடுத்தார், ஊர் அவரை ஒதுக்கியது, 1995-ல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அவருக்கு நடந்த கொடுமையின் அதிர்ச்சியில் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வேறொரு மனுவில் 1997-ல் உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க விசாகா நெறிமுறைகளை வகுத்தது, 2013-ல் அதற்கு எதிரான சட்டமும் வந்தது. கோடிக்கணக்கான பெண்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது, அவருக்கு நீதி கிடைக்கவில்லை. தாக்குதலைத் தடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம் என்றால், அதற்குப் பிறகு வருடக்கணக்கில் கூட நிற்க ஆள் கிடைப்பது அதைவிடக் கஷ்டம்.

அதனால் நீங்கள் பார்த்த சம்பவத்துக்கே இன்னும் ஏதாவது செய்ய முடியுமா என்று யோசியுங்கள். தேதி, நேரம், இடம், அவன் என்ன செய்தான், அவள் என்ன சொன்னாள், வேறு யார் இருந்தார்கள் என்று நினைவில் உள்ளதை எழுதி வையுங்கள். ஊகத்தைச் சேர்க்காதீர்கள். அந்தப் பெண் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால், தனியாகப் பார்த்து, "அன்னைக்கு நான் பார்த்தேன். நீங்க புகார் கொடுக்கிறதா இருந்தா நான் சாட்சி சொல்றேன்" என்று சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், உங்கள் தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் ஆறு மாதம் கழித்துக் கூப்பிடலாம். அந்த ஸ்வீடன் மாணவர்கள் இருவரும் அந்த இரவுக்கு ஒரு வருடத்துக்கு மேல் கழித்து நீதிமன்றத்துக்கு வந்து, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கேள்விகளுக்கு நடுவில், தாங்கள் பார்த்ததை மறுபடியும் சொன்னார்கள்.